டிரா மாமா கொடுத்த யானை

பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். ஒருபோதும் நேரில் காணாத வாய்களுக்கு, அச்சை மட்டும் பார்த்து மெழுகில் பல் நட்டுச் சிரிப்பை அமைப்பார். சதுரங்கக் கழகத்தில் அவர் 'டிரா மாமா'. தோற்பது அபூர்வம், வெல்வது அதனினும் அபூர்வம்.

அணிப் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரே அமர்ந்தவன் அவர் மனைவியின் தம்பி, பேருந்து நடத்துநர்.

"அத்தான், பாதியில டிரா கேட்டுக் கை நீட்டாதீங்க. தரமாட்டேன்."

"யாருப்பா கேட்டா? இன்னைக்கு உன்னை ஜெயிச்சுட்டுத்தான் சாப்பாடு."

மாலைக்குள் மற்ற மூன்று பலகைகளும் முடிந்து, அணிகள் சமமாக நின்றன. இவர் தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்; டிரா செய்தால் தப்பும். அவருக்கோ வெற்றியின் மீதே ஏக்கம்.

மைத்துனன் யோசனையில் ஆழ்ந்திருக்க, இவர் எழுந்து உலாவினார். உயர்ந்த ஜன்னல்களின் வழியே வெயில் மேசைகளின் மேல் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பலகையில் அணித்தலைவரின் ஆட்டம் முடிந்தும் கலைக்கப்படாமல் இருந்தது. அதில் ஒரு வெள்ளை மந்திரி, குறுக்காக எதிரி ராஜாவையே பார்த்தபடி நின்றது. வெகுநேரம் அதை ரசித்தார். திரும்பி வந்து அமர்ந்தபோது அந்த மந்திரியும் அவர் மனத்தில் ஏறிக் கூடவே வந்துவிட்டது.

யானையைக் கொடுக்க வேண்டும், ராஜா அதை எடுப்பான், ராணி செக் வைப்பாள், மந்திரி வழியை அடைக்கும், மாட். கணக்கு கச்சிதம். யானையைக் கொடுத்தார். மைத்துனன் எடுத்தான். ராணி செக் வைக்க, ராஜா ஒதுங்கினான். இவர் கை மந்திரியிடம் போயிற்று. அங்கே வெறும் கட்டம்.

"என்னத்தான் தேடுறீங்க?" என்று கிசுகிசுத்தான் மைத்துனன்.

கடிகாரம் எங்கோ தொலைவில் ஓடுவது போலிருந்தது. நெடுநேரம் ராணியையே பார்த்திருந்தார். மெல்ல மெல்ல ஒரு செக் புலப்பட்டது. ராஜா அந்தப் பக்கம் போனால் மறுபடி இந்தப் பக்கத்திலிருந்து ஒரு செக். இரண்டே கட்டங்கள், ராஜாவுக்கு வேறு போக்கிடமில்லை. தூளி அசைவது போல ராணி போய் வந்தாள். மூன்றாம் முறை அதே நிலை வந்ததும், விதிப்படி டிரா என்று மைத்துனனே கை நீட்டினான்.

"டிராவுக்காகவே யானையைக் கொடுத்தீங்களா? என்ன மூளை அத்தான் உங்களுக்கு!"

"சத்தியமா இல்லப்பா. பக்கத்துப் பலகை மந்திரி என்னோடதுன்னு நினைச்சுட்டேன்."

அணித்தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாமாவோட தன்னடக்கத்தைப் பாரு!"

பேருந்து நிறுத்தம் வரை மைத்துனன் அந்த யானையின் புகழையே பாடி வந்தான். பாதி வழியில் இவர் மறுப்பதை நிறுத்திவிட்டார். அந்த மந்திரியை வைத்து மனத்துக்குள் மறுபடி மறுபடி ஆடியபடி நடந்தார். ஒவ்வொரு முறையும் மாட் விழுந்தது.