காலிக் கட்டத்தில் போட்ட மழை

எனக்குப் பயம் பிறவிக்குணம். பல்லி கத்தினாலும் பயம், கத்தாவிட்டாலும் பயம். ஆனால் 2004இல் நான் பட்ட பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. முந்தைய வருஷம் மழை பொய்த்ததும் அக்காவின் படிப்பைப் பதினொன்றாவதோடு நிறுத்திவிட்டார்கள். “இந்த வருசமும் பேயலன்னா ஒனக்கும் அதான்” என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சும்மா சொல்கிற ஆளில்லை. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு.

உடையார்பாளையத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. புவியியல் டீச்சர் எங்கள் பக்கத்து ஐந்து வருஷ மழைக் கணக்கை எழுதிக் கொடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் தூண் வரைபடமாகப் போட்டு வரச் சொன்னார். பள்ளிக் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருளோ, சோதனைக் காலம் முடிந்துவிட்டது, இனி காசு கட்டினால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது.

“இலவசமா கெடைக்கறதும் இருக்காம். பிரவுசிங் சென்டர்ல கேட்டுப் பாருங்க” என்று டீச்சர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

பலகைத் தடுப்பும் திரையுமாக இருக்கும் அந்த இடத்துக்குள் யூனிஃபார்மோடு ஒரு பெண் நுழைந்தால், அவள் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு ஜெயங்கொண்டத்தில் அதற்கு நேரெதிரே சித்தப்பாவின் உரக்கடை. வாசலை மூன்று முறை கடந்து போனேன். நாலாவது முறை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தேன்.

“திரைய இழுத்து விட்டுக்கம்மா” என்றார் கடைக்காரர்.

“வேணாங்கண்ணே, தெறந்தே இருக்கட்டும்.”

இலவச மென்பொருள் இணையத்தில் இருந்தது. ஆனால் அது இறங்குவதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்றார். மேசை இழுப்பறையைக் குடைந்து, ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியை எடுத்தார். அதிலும் அதே மென்பொருள் இருந்தது. போட்டுக் கொடுத்தார். எண்களை அடித்தேன். ஐந்து தூண்கள் எழுந்தன. கை தவறி ஒரு வரி கூடுதலாகத் தேர்வு செய்துவிட்டதால், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக நின்றது.

அதை அழிக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அப்பாவின் செருமல் கேட்டது. சித்தப்பா போன் போட்டிருக்கிறார்.

அப்பா திட்டவில்லை. கம்ப்யூட்டர் திரையையே பார்த்தார். “இது என்னா?”

“மழைப்பா. வருசா வருசம் பேஞ்சது. ஸ்கூல்ல கேட்டாங்க.”

கடைசியில் குட்டையாக நின்ற தூணில் விரலை வைத்தார். “போன வருசமா?” தலையாட்டினேன். விரல் நகர்ந்தது. “பக்கத்துல காலியா கெடக்கே?”

“அது... இந்த வருசம்ப்பா.”

“எவ்ளோ பேயும்னு இது சொல்லுமா?”

சொல்லாது என்பதுதான் உண்மை. ஆனால் பயந்தவள் வாயில் உண்மை எங்கே வரும்? “சொல்லும்ப்பா” என்றேன். காலிக் கட்டத்தில் வாய்க்கு வந்த எண்ணை அடித்தேன். மற்ற ஐந்தையும் விட உயரமாக ஒரு தூண் எழுந்தது. அப்பா பெருமூச்சு விட்டார்.

“சரி, படி” என்றார்.

பள்ளிக்கு அந்தத் தூண் இல்லாமல் ஒரு பிரிண்ட் எடுத்தேன். அந்தத் தூணோடு இன்னொன்றை அப்பா வாங்கிக்கொண்டார். டீக்கடையில் காட்டி, “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு” என்றாராம். தரிசாகக் கிடந்த கொல்லைக்காட்டையும் உழுது, ஆடியில் பெய்த ஒரு சிறு மழையிலேயே கடலை விதைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் விதைத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. படிப்பு போவது ஒரு பக்கம், ஐந்து குடும்பத்து விதை என் தலையில். கடலை முளைத்து, வாடத் தொடங்கியது. ஆவணி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று இரண்டு முறை அப்பாவிடம் போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆவணி பத்தாம் நாள் மத்தியானம் கொட்டித் தீர்த்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நனைந்து உள்ளே வந்த அப்பாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சொன்னாப்லயே பேஞ்சிடுச்சு பாத்தியா! நாளைக்கே போயி, அடுத்த வருசத்துக்கும் போட்டுப் பாத்துட்டு வந்துடு” என்றார்.