சத்தமில்லாத பாட்டுப் போட்டி

போன வாரம் ஏரலிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு பெண் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கைபேசியில் பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் படம் மட்டும்தான் தெரிந்தது. தூத்துக்குடிக்கு முந்தின புதுக்கோட்டை வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்து 'ச்சே' என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பினாள்.

"என்ன அண்ணாச்சி?"

"இந்தப் பையன் சரணத்துல சுருதிய விட்டுட்டாம்மா."

அவள் என் காதைப் பார்த்தாள். தன் இயர்போனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வித்தையை நான் முறையாகக் கற்றவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் வகுப்போடு போதும் என்று பள்ளிக்கூடமும் நானும் சேர்ந்தே முடிவு செய்தோம். அதன் பிறகு கயத்தாற்றில் கல் உடைத்தேன், ஏரல் சந்தையில் வாழைத்தார் சுமந்தேன். தோள் புண்ணானதும் தூத்துக்குடிக்கு வந்து துறைமுகச் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலையில் சேர்ந்தேன். உள்ளே போக டோக்கன் வரும்வரை லாரிகள் இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நிற்கும். ஓட்டுநர்களுக்கும் எனக்கும் வீடு வாசல் எல்லாம் எபநேசர் அண்ணாச்சியின் புரோட்டாக் கடைதான். என் படுக்கை அந்தக் கடையின் பெஞ்சு. தார்ப்பாய் நாற்றமும் சால்னா மணமும் கலந்து வந்தால் இன்றும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வரும். போட்டி அப்போதுதான் ஒளிபரப்பாகும்.

அண்ணாச்சி நாசரேத் பக்கத்துக்காரர். அவர் மகன் ஜெபராஜ், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தான். ஒருமுறை புயலில் அந்தத் தோணி ஒன்பது நாள் காணாமல் போனது. மகன் திரும்பி வந்தால் இனி என் கடையில் சினிமாப் பாட்டு கேட்காது என்று அண்ணாச்சி ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை செய்தார். மகன் வந்தான், ரேடியோ போனது. கூடவே ஆட்களும் போகத் தொடங்கினார்கள். எதிர்க்கடைக்காரர் டிவி வாங்கிப் பாட்டுப் போட்டியை அலறவிட்டிருந்தார். அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்தார். பிறகு தானும் ஒரு டிவி வாங்கிச் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்தார்.

"கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். பாக்க மாட்டேன்னு சொல்லலியே."

அப்படித்தான், அவர் சால்னாவை விட்டுப் போக மனமில்லாத நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒரு பாட்டுப் போட்டி முழுவதையும் ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல் பார்த்தோம்.

ஒரே மாதத்தில் ஞானம் வந்துவிட்டது. பாட்டு முக்கியமாகக் கழுத்தில் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். நரம்பு புடைப்பதை வைத்து மேல் ஸ்தாயியை அளந்துவிடுவேன். கயத்தாற்று ஓட்டுநர் முத்தையா அண்ணாச்சி வேறு கட்சி. நடுவர்களின் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வார். போட்டியாளர்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். 'புருவம்' என்ற பெண் எல்லோருக்கும் செல்லம். அவள் மேலே பாடப் பாட இடது புருவம் ஏறும், கடையில் எங்கள் புருவமும் கூடவே ஏறும். 'கண்ணாடி' என்ற பையனைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பான்.

"டோக்கனுக்கு நிக்குத மாதிரில்லா நிக்கான். மூக்கால வேற பாடுதான்" என்பார் முத்தையா.

"அது எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று ஜெபராஜ் கேட்டான்.

"மூக்கப் பாருலே."

இறுதிச் சுற்று வந்த வாரம்தான் ஜெபராஜ் மறுபடி தோணி ஏற வேண்டியிருந்தது. புருவத்தின் குரலைக் கேட்காமலே போட்டி முடியப்போகிறதே என்று அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எப்பா, நான் புயல்ல தப்பி வந்து ரெண்டு வருசமாச்சு. இன்னைக்கு ஒருநாள் சத்தத்தக் கூட்டேன்" என்றான் மகன்.

அண்ணாச்சி ரிமோட்டை எடுத்தார். மகனைப் பார்த்தார். ரிமோட்டை மைதா டின்னுக்குள் போட்டு மூடினார்.

"கடலுக்குப் போற நேரத்துல பேசுத பேச்சாலே இது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ எதிர்க்கடைக்குப் போ. எனக்காகக் கேட்டுட்டு வா."

போனேன். புருவம் பாடினாள். சுமார்தான். அடுத்து கண்ணாடி பாடினான். கையிலிருந்த டீ ஆறியது தெரியவில்லை. அவன் ஏன் கண்ணை மூடுகிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நானும் மூடியிருந்தேன்.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன். கடை கொதித்துவிட்டது.

"ஒருநாள் கேட்டுட்டு வந்து பேசுதான் பாரு! நாங்க மூணு மாசமா பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் முத்தையா. என் கருத்துக்கு அதன்பின் அங்கே மதிப்பில்லை.

மறுநாள் காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பய நெசமாவே நல்லாப் பாடுனானாலே?"

"ஆமா அண்ணாச்சி."

"ராகம் போடாம வார்த்தைய மட்டும் சொல்லு. அது பாட்டுல சேராது."

நான் எழுந்து நின்று, தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பதுபோல ஒரு காதல் பாட்டை முழுதாக ஒப்பித்தேன். பல்லவி மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவர் ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை.

ஜெபராஜ் அந்த முறையும் பத்திரமாகத் திரும்பினான். அதற்குமேல் பொருத்தனையில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள், கடை போயிற்று. அடுப்படி இருந்த இடத்தின்மேல் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் போகின்றன. டோக்கன் கைபேசிக்கே வந்துவிடுவதால் யாரும் காத்துக் கிடப்பதில்லை. தோணியும் குறைந்துபோய், ஜெபராஜ் கரையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான்.

கடையை இடித்த அன்று, டிவியை எடுக்க வந்த பழைய சாமான் வியாபாரி எதிர்க்கடையிலிருந்து மின்சாரமும் கேபிளும் இழுத்துப் போட்டுப் பார்த்தார். சத்தத்தையும் கூட்டினார். சாலை முழுக்க சினிமாப் பாட்டு. நிறுத்தச் சொல்லி அண்ணாச்சி கையைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தார். பின்னால் கடை இல்லை, செங்கல்தான் கிடந்தது. கையை இறக்கிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார். திரை வியாபாரியின் பக்கம் திரும்பியிருந்தது.

"எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆளப் பாக்காம எப்படிலே சொல்ல?" என்றார்.