முப்பத்தாறிலிருந்து நாற்பதுக்கு

பட்டறையில் அவரை எல்லோரும் ‘அரைநூல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். லேத்தில் கடைந்த உருளை அரை நூல் அளவு கூடினாலும் குறைந்தாலும் தூக்கிக் கழிவில் போட்டுவிடுவார். முதலாளி தொண்டை வற்றக் கத்தினாலும் மசியமாட்டார். ஐம்பத்துமூன்று வயது. பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் அவரும், பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த மனைவியும் மட்டும்தான்.

மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்ற டாக்டர், அவளை எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முப்பத்தாறு கிலோ.

“இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காதும்மா. நாப்பதாவது வரணும். மூணு மாசம் நல்லா சாப்பிடுங்க, பார்க்கலாம்.”

என்னென்ன சாப்பிடலாம் என்று உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தாள். அரைநூல் அதை அடுப்புக்கு மேலே, முழுக்கப் பசை தடவிச் சுவரில் ஒட்டினார்.

முதல் வாரம் க்ரீம் பன்னும் ஐஸ்கிரீமும் வாங்கி அடுக்கினார். மனைவிக்குக் குமட்டியது. ஆலோசகர் போனில் கடிந்துகொண்டாள்: “சக்கரையக் கொட்டினா பசிதான் சாகும் சார். சத்தும் வேணும், கலோரியும் வேணும். தாள்ல இருக்கறத குடுங்க.”

அதன்பிறகு அவர் சமையலையும் லேத் வேலை மாதிரிதான் செய்தார். வேர்க்கடலையை வறுத்து விழுதாக அரைத்தார். வாழைப்பழத்தை மசித்து அதில் குழைத்தார். பாலில் பால்பவுடரைக் கலந்தார். முட்டை, எண்ணெய் தாராளமாக விட்ட உருளைக்கிழங்கு, பாதாம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு வேளை. உப்பு மட்டும் பெயருக்குத்தான்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று அவள் முகத்தைச் சுளிப்பாள். “என்னைக் கொழுக்க வெச்சு எந்தச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போகப் போறீங்க?”

“வாயைத் திற. இன்னும் ரெண்டே வாய்.”

மதியச் சாப்பாட்டு மணியடித்ததும் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, ஊட்டிவிட்டுத் திரும்புவார். பத்து வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது. அந்த இரண்டு கிலோவுக்காக அவர் மூன்று கிலோ இளைத்திருந்தார்.

பதினோராம் வாரம் எடைமெஷினின் முள் சட்டென்று நாற்பதைத் தொட்டது. நாலே நாளில் இரண்டு கிலோ! அரைநூல் குனிந்து மறுபடி பார்த்தார். அப்புறம் சிறுபிள்ளை மாதிரி சிரித்தார்.

“பார்த்தியா! நான் சொன்னேன்ல?”

“செருப்பு இறுக்குதுங்க,” என்றாள் அவள். “மூச்சும் கொஞ்சம் வாங்குது.”

“சதை வெச்சா இறுக்காதா பின்னே?”

இரண்டு நாள் கழித்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்து வாங்கிவிடலாம் என்று துள்ளலாகவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

“இது சதை இல்லைங்க, தண்ணி. இதயம் திணறுது. சட்டுனு எடை ஏறினா அன்னைக்கே வரணும்னு தாளோட பின்பக்கம் போட்டிருக்கே, பார்க்கலையா?”

பின்பக்கம் சுவரோடு ஒட்டிக்கிடந்தது.

ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். முள் முப்பத்தேழுக்கு வந்தது. வார்டில் அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “விடுங்க. சிரிச்சீங்களே, எத்தனை நாளாச்சு அதைப் பார்த்து,” என்றாள். எட்டாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனாள்.

ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டார். “சொல்ல முடியாதுங்க,” என்றார் டாக்டர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அரைநூலின் பிழைப்பே அளவில்தான் இருந்தது. சொல்ல முடியாத ஒன்றோடு எப்படி வாழ்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆலோசகரைத் தேடிப் போனார். அவள் எழுந்து நின்றாள்.

“பின்னாடி இருக்கறத முன்னாடி அச்சடிங்க மேடம். பெரிய எழுத்துல,” என்றார்.

“மேல சொல்லிப் பார்க்கறேன் சார். நீங்க சாப்பிடுறீங்களா?”

அவர் படியிறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். அன்று பட்டறைக்குப் போகவில்லை.