பாதிக் கட்டம் தள்ளி

ஜானின் டிரிஃபெட் என்பவளை எனக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதினோரு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேசை. அவள் அப்பாவின் தோட்டத்து ஆப்பிளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் நாற்காலியில் வைப்பாள். தின்பேன். தின்றுகொண்டே வயிறெரிவேன்.

ஹோபார்ட்டுக்குத் தெற்கே கீவ்ஸ்டன் என்கிற சின்ன ஊர்க்காரி. பள்ளியை முடித்த கையோடு எங்கள் கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவ வந்தவள். யாரோ ஒருநாள் லீவு போட, படிகம் வளர்க்க அவர் வைக்க வேண்டிய புரதச் சொட்டுகளை இவளை வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். நான் வைத்த சொட்டுகளில் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஏதோ கலங்கிக் கிடக்கும். இவள் வைத்தவற்றில் கற்கண்டு மாதிரி படிகம் முளைக்கும். எனக்கு முனைவர் பட்டம் இருந்தது. அவளுக்குக் கை இருந்தது.

"எப்படிம்மா வருது உனக்கு மட்டும்?" என்று கேட்டால், "சும்மா சும்மா எடுத்துப் பாக்காம இருந்தா வரும்" என்பாள். வேண்டுமென்றே என்னைக் குத்துகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த வருடம் அண்டார்டிக் பனிக்கடல் நுண்ணுயிர் ஒன்றின் நொதியை அவள் படிகமாக்கினாள். மெல்பர்னுக்கு விமானத்தில் கொண்டுபோய் எக்ஸ்ரே காட்டி, தரவோடு வந்தோம். அந்தத் தரவிலிருந்து மூலக்கூறின் உருவத்தைக் கணினியில் கட்டுவது என் வேலை. அதில் அவள் தலையிட்டதே கிடையாது. அன்றுவரை.

"கிரேம், சிரிக்காதே. வீட்டுல உக்காந்து நானும் போட்டுப் பாத்தேன். கையேட்டைப் படிச்சுப் படிச்சு," என்று, தான் கட்டிய உருவத்தின் கோப்பு இருந்த பென் டிரைவை என்னிடம் நீட்டினாள்.

விஷயம் சிரிப்பு அல்ல. எங்கள் தலைவர் ஹெட்லி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: ஒரு உருவத்தைத் தானாகக் கட்டிக்காட்டினால், ஜூன் மாதம் உதவியாளர் வேலையிலிருந்து ஆய்வாளர் பதவி. என் பதவி. என் மேசைக்குச் சமமாக அவள் மேசை. படிகமும் அவளுடையது, உருவமும் அவளுடையது என்றால் நான் எதற்கு?

இரண்டு கோப்புகளையும் ஒரே திரையில் திறந்தேன். ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. என் மூலக்கூறு இருந்த இடத்தில் அவளுடையது இல்லை. படிகத்தில் அடுத்தடுத்து வரும் என் மூலக்கூறுகள் இரண்டின் நடுவில் அது முட்டிக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமைத் தேநீரின்போது, ஜானினும் இருக்கையில், ஹெட்லியிடம் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணா உக்காரல, ஹெட்லி."

"அப்போ யாரோடது தப்பு?"

"அதை என் வாயால சொன்னா நல்லா இருக்காது."

"அதான் சொல்லிட்டியே." ஹெட்லி வேதியியல்காரர், படிகக் கணக்கு அவருக்கு ஓடாது. ஆனாலும் கேட்டார்: "தரவோட எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற எண் ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே வருது?"

"படிகம் சுமார்தான். இந்த எண்ணையெல்லாம் நம்ப முடியாது," என்றேன். அவள் படிகத்தை அவள் முன்னாலேயே சுமார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தேநீரைப் பார்த்துக்கொண்டே ஜானின், "என்னோடதாத்தான் இருக்கும். இவன் படிச்சவன்," என்றாள்.

மறுநாள் காலை எனக்கு உறைத்தது. படிகம் என்பது ஒரே பூப்போட்ட தரைக்கல் வரிசை மாதிரி. எந்த மூலையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அதுதான் பூஜ்யம். எங்கள் படிகத்தின் வகையில் மூலையும் ஒன்றுதான், ஓரத்தின் நடுப்புள்ளியும் ஒன்றுதான்; எதிலிருந்து எண்ணினாலும் சரி. அவள் எண்ணியது ஒன்றிலிருந்து, நான் எண்ணியது மற்றதிலிருந்து. முதல் வருட மாணவனுக்குச் சொல்லித்தரும் பாடம். அவள் கோப்பைப் பாதிக் கட்டம் நகர்த்தினேன். என்னுடையதன்மேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

அதோடு விட்டதா? வால்பகுதியில் ஒரு வளைவு எனக்கு இரண்டு மாதமாகப் பிடிபடாமல் இருந்தது. அவள் அதைக் கட்டியிருந்தாள், வெகு அழகாக. வெறும் கையேட்டைப் படித்துவிட்டு.

கதவு திறந்தது. ஜானின்தான், கையில் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட இரண்டு ஸ்காலப் பை. "உனக்கும் ஒண்ணு. நான் மறுபடி மொதல்லேர்ந்து போடறேன், கிரேம். எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்."

திரையை அணைத்தேன். "போடு, போடு" என்றேன்.

ஏழு வாரம் போட்டாள். வேறு இடத்தில் வருமா என்ன? "அதே எடத்துலதான் வருது. எனக்கு இந்த வேலை வராதுன்னு நெனக்கிறேன்," என்றாள் ஒருநாள்.

"எல்லாருக்குமா வரும், ஜான்," என்றேன். அந்த ஏழு வாரத்தில் என் மாதிரியில் வால்பகுதி வளைவு வந்துவிட்டது. ஹெட்லி என் முதுகில் தட்டினார். கட்டுரையில் என் பெயர் முதலில், படிகம் தந்ததற்காக அவளுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி.

ஜூன் மாதப் பதவியை அவள் கேட்கவே இல்லை. அவள் ஊருக்கும் தெற்கே, டோவரில் சால்மன் மீன் பண்ணை ஒன்றில் நீர் சோதிக்கும் வேலைக்கு எழுதிப்போட்டாள், கிடைத்தது. லாமிங்டன் கேக் வாங்கிவைத்து வழியனுப்பினோம். மற்றவர்கள் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு. என் மாதிரியில தப்பு எங்கதான் இருந்துச்சு? ரெண்டு தடவை போட்டும் எனக்குத் தெரியல. கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு."

தட்டைக் கீழே வைத்தேன். இனி எனக்கு எந்தப் போட்டியும் இல்லை. அதனால்தான் சொல்ல வாய் வந்திருக்க வேண்டும்.

"எங்கயும் இல்ல, ஜான். உன்னோடது சரிதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள்.

"ஆறுதல் சொல்லக்கூட உனக்கு வருமா? நீ நல்லவன்டா."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தேன்.