துபாய் கிட்டத்தான்

நான் துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போவது முடிவானதும், என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, அது எவ்வளவு தூரம் என்றுதான். கஹவத்தைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அவர். கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே என்று யாரோ சொல்லிவிட, சோறு இறங்காமல் திரிந்தார்.

டிக்கட் கைக்கு வந்த அன்று முகம் தெளிந்துவிட்டது.

"பத்து மணிக்கு ஏறுற, ஒரு மணிக்கு எறங்குற. மூணே மணித்தியாலம்! கொழும்புக்கே நமக்கு நாலு ஆகுது புள்ள."

பக்கத்து வீட்டு அக்கா குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். "ஒரு மணிங்கிறது அந்த ஊரு நேரம் தம்பி. நம்மள விட ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. நாலரை ஆகும்" என்றார்.

"டிக்கட் அடிச்சவனுக்குத் தெரியாதாக்கா?"

இப்படிக் கேட்டுவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், துபாய் கொழும்பை விடக் கிட்ட என்று சொல்லிவைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெட்டியைப் பூட்டாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடமிருந்து பெட்டியை வாங்கி, தானே பூட்டினார். "மூணு மணித்தியாலந்தானே" என்றார், மெதுவாக.

வேன் பிடித்து, லயத்தில் பாதிப் பேர் ஏயார்போட் வரை வழியனுப்ப வந்தார்கள். பிளேன் எழும்பியபோது கண்ணை மூடிக்கொண்டேன். சாப்பாடு வந்தபோதுதான் திறந்தேன்.

அங்கே வீட்டு மேடம் நல்ல மனுஷி. போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே போனைக் கையில் தந்தார். எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டில்தான் போன் இருந்தது.

"நல்லபடியா வந்துட்டேன்க்கா. அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"எங்க கூப்பிட? அவங்க இன்னும் வந்து சேரலயே!"

அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் மேடத்திடம் கெஞ்சி மறுபடி எடுத்தேன். என் வீட்டுக்காரரே பேசினார்.

"ஏங்க, என்னாச்சு?"

"ஒன்னோட பிளேன் எதுன்னு தெரியல. மேல போனதுக்கெல்லாம் கை காட்டுனோம். அப்புறம் திரும்பி வர்ற வழியில எஹலியகொடைகிட்ட வேன் நின்னுபோச்சு. டிரைவர் எறங்கிப் பாத்துட்டு, 'எஞ்சின் எக இவரய்', எஞ்சின் முடிஞ்சுபோச்சுன்னு சிங்களத்துல சொல்லித் தலையில கை வச்சுட்டாரு. நீ பிளேன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்ப, நாங்க இங்க வேன் தள்ளிக்கிட்டு இருந்தோம். இரத்தினபுரிக்கு ஒரு பஸ். அங்கேருந்து மரக்கறி லொறியில ஏறி வந்தோம். ஒங்கம்மா கோவா மூட்டை மேல ஒக்காந்து வந்தாங்க."

அம்மா முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்த காட்சியை நினைத்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்து மேடம் ஓடி வந்தார். எனக்கு அரபு எங்கே தெரியும்? போனை வைத்துவிட்டு, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி வேன் தள்ளிக் காட்டினேன். மேடமும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, அயர்ன் பண்ணக் கிடந்த உடுப்புக் குவியலைக் காட்டினார்.