அல்சர் என்று நான் சொன்னேன், ரவுட்டர் ஒத்துக்கொள்ளவில்லை

நேற்று காலை ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்!

பிடுங்கி என்ன பிரயோஜனம்? அது சொல்ல வேண்டியதை என் வீட்டுக்காரியிடம் சொல்லி முடித்துவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. (கையெழுத்து கேட்டால் கட்டை விரலை நீட்டுவேன்.) என் மனைவி சரோஜா தமிழ் நன்றாகப் படிப்பாள். இங்கிலீஷ் வராது.

போன வாரம் வேலூரில் அவளுக்கு வயிற்றில் ஸ்கோப் விட்டுப் பார்த்த ரிசல்ட் வாங்கப் போனோம். அவள் பயந்த சுபாவம் என்று சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் டாக்டரைப் பார்த்தேன்.

வயிற்றில் கட்டி. கேன்சர்.

வெளியே வந்தேன்.

"இன்னாய்யா சொன்னாரு?"

"அல்சராம். காரத்தைக் கம்மி பண்ணச் சொன்னாரு."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"அந்த டாக்டரு கொஞ்சம் ஜாஸ்தி பேசறவரு."

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. தைரியமாக அவள் கையிலேயே கொடுத்தேன். ஆம்பூர் வரும்வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் வரைக்குமாவது அவள் இப்படித் தூங்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

ரகசியம் காப்பது எனக்குப் புதிதில்லை. ஆயுசு முழுக்கத் தோல் தரகு பார்த்தவன். துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். ஒட்டி நிற்பவனுக்கும் தெரியாது. எந்த மண்டியில் யார் எந்த விரலைப் பிடித்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். (சொல்ல மாட்டேன்!)

எழுதினால்தான் மாட்டுவோம், வாயால் பேசியது காற்றோடு போய்விடும். இதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் தோட்டத்துப் பக்கம் போய், தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் போனிடம் கேட்டேன்.

"வயித்துல கேன்சர் வந்தா பொழைப்பாங்களா?"

அது ஏதேதோ சொன்னது. மறுபடி கேட்டேன். வேறு மாதிரிக் கேட்டேன். தினமும் கேட்டேன். ஒருநாளாவது "பொழைப்பாங்க" என்று மட்டும் சொல்லாதா என்று.

சரோஜா தன் போனில் சமையல் வீடியோ பார்ப்பாள். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். வீடியோவுக்கு நடுவே ஒரு கிழவனும் கிழவியும் சிரிக்கிற படம் வந்தது. கீழே பெரிய பெரிய எழுத்து.

"யாரும்மா இந்த ஜோடி? இந்தச் சிரிப்பு சிரிக்குதுங்க!" என்று கேட்டேன்.

"இன்னாவோ மருந்துக் கடை" என்றாள்.

நானும் சிரித்தேன். படிக்கத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பேனா?

நேற்று காலை டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"யார் யார்கிட்ட சொன்னே?"

"இன்னாத்த?"

"அல்சர்னு சொன்னியே, அத்த. மூணு நாளா போனைத் தொறந்தா வயித்துல கேன்சரா, இங்க வா, அங்க வான்னு கூப்புடறான். பக்கத்து வூட்டம்மா போன்ல வரல. கேட்டுட்டேன். எனக்கு மட்டும்தான் வருது."

"நம்ம பொண்ணு மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லல சரோஜா."

"ஊர்ல இருக்கற கடைக்காரனுக்கெல்லாம் தெரியுது. ஒடம்பு என்னுது. எனக்கு மட்டும் அல்சரா?"

அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

கனெக்ஷன் கொடுத்த கேபிள்காரர் குமாருக்குப் போன் போட்டு வரவழைத்தேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நைனா, ரெண்டு போனும் இந்தப் பொட்டிலதான ஓடுது? வெளிய பாக்கறவனுக்கு ரெண்டும் ஒரே வீடு. நீ உன் போன்ல கேட்டா அவங்க போன்ல விளம்பரம் வரும். இந்தப் பொட்டி கம்பெனிக்காரனும் பாத்துக்கினுதான் இருக்கான்."

"பொட்டிக்காரனுக்கு இதுல இன்னா வேலை?"

"எந்த போன் எங்க போவுதுன்னு அவனும் எடுத்துக்கறான். யாருக்குக் குடுக்கறான்னு எனக்கே தெரியாது."

"என்னைய ஒரு வார்த்த கேட்டானா?"

"கேட்டானே! கனெக்ஷன் குடுத்த அன்னிக்கு. நான்தான் 'சரி'ன்னு அமுக்குனேன். எல்லா வூட்லயும் நான்தான் அமுக்கறது நைனா. யாரு அத்தப் படிக்கறாங்க?"

(தெருவுக்கே ஒரு கட்டை விரல்!)

அவர் போனதும்தான் ஒயரைப் பிடுங்கினேன்.

சரோஜா எழுந்து வந்து திரும்ப மாட்டினாள்.

"இன்னாத்துக்கு மாட்டற?"

"கேக்கணும். உன்னக் கேட்டா அல்சர்ம்பே."

கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் கேட்க ஆரம்பித்தாள். நான் கேட்ட அதே கேள்விகள். அது என்ன பதில் சொல்லும் என்று வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். வாசலிலேயே நின்றேன். என்னைக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் ஜோலார்பேட்டையில் இருக்கும் மகளுக்கு அவளே போனில் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள். "சொந்தக்காரங்களுக்கு நாமளே சொல்லிடலாம். விளம்பரக்காரன் முந்திக்கப் போறான்."

அதனால்தான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டில் அந்தச் 'சரி'யை யார் அமுக்கினார்கள்? கொஞ்சம் விசாரியுங்கள்.

நான் சொல்லச் சொல்ல சரோஜாதான் டைப் பண்ணினாள். எல்லாவற்றையும் சொன்னபடியே அடித்தாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினாள். நான் "சின்னக் கட்டி" என்று சொல்லியிருந்தேன்.

"சின்னதுன்னு டாக்டரு சொன்னாரா?"

நான் தரையைப் பார்த்தேன்.

'சின்ன'வை அவளே அழித்துவிட்டாள்.