பிரவுசர் பூசி மெழுகிய தப்பு

போன ஆவணி முகூர்த்த சீசனில், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தென்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து நான் பார்த்த முதல் வேலை அது. கடையின் வெப்சைட்டை வெளியாள் ஒருவர் வடிவமைத்தார். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவது என் பொறுப்பு. பார்டர் நிறத்தைத் தொட்டால் படத்திலுள்ள புடவையின் பார்டர் மாற வேண்டும். வெப்சைட்டின் திறப்பு நாளுக்கு முந்தின நாள் வரை அது அழகாக மாறிக்கொண்டிருந்தது.

எங்கள் கடையில் புடவையை விரித்தால் உடல், பார்டர், முந்தி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் காட்டுவார்கள். வெப்சைட்டிலும் அப்படியே வேண்டும் என்று திறப்பு நாள் காலையில் முதலாளி கேட்டார். வடிவமைப்பாளர் உடனே, பார்டர் நிறங்கள் இருந்த பெட்டியைத் தூக்கிப் புடவையை விவரிக்கும் பத்திக்குள் செருகிவிட்டார்.

"பொட்டி இப்ப பத்திக்குள்ள இருக்குதும்மா. உன் ஸ்கிரிப்ட அங்கயே தேடச் சொல்லு" என்றார். அப்படியே மாற்றி எழுதிவிட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்க்க நேரம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று வாயை அடைத்துவிட்டார்.

சொந்தக்காரர்கள் சூழ நிற்க, முதலாளி அரக்கு நிறத்தைத் தொட்டார். பார்டர் மாறவில்லை. பச்சையைத் தொட்டார். அதற்கும் மாறவில்லை.

"நான் போட்டதெல்லாம் கண்ணு முன்னாடி இருக்குது பாருங்க சார். இந்தப் பொண்ணு ஸ்கிரிப்ட்தான் சொதப்பிக்கினு இருக்குது" என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் கூசாமல்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, எல்லார் எதிர்லயும் மானத்த வாங்கற? நாளையிலேந்து வர வேணாம்!"

அழுகையை அடக்கிக்கொண்டு, பிரவுசர் அந்தப் பக்கத்தை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பார்த்தேன். வெப் பக்கத்தை எழுதும் குறிகளில், பி டேக் போட்ட பத்திக்குள் டிவ் டேக் போட்ட பெட்டி இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தால் பிரவுசர் யாரிடமும் புகார் சொல்லாது. பெட்டி வருவதற்கு முன்பே பத்தியை மூடிவிட்டு, பெட்டியை வெளியே வைத்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பத்திக்குள் தேடிய என் ஸ்கிரிப்டுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. இவர் செய்த தப்பைப் பிரவுசர் பூசி மெழுகிவிட, பழி மட்டும் என் தலையில்!

பத்தியையும் டிவ்வாக மாற்றிவிட்டு அரக்கைத் தொட்டேன். பார்டர் பளிச்சென்று அரக்கானது. நடந்ததைத் திரையில் காட்டியே விளக்கினேன்.

"அதான் பிரவுசரே சரி பண்ணிக்குதே, இதுல என் தப்பு இன்னா?" என்றார் வடிவமைப்பாளர். என்ன நெஞ்சழுத்தம்!

சொந்தக்காரர்கள் அதற்குள் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலாளி என் அருகில் வந்து, "சரி விடும்மா, நாளைக்கு வந்துடு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் எது எதற்குள் இருக்கிறது என்று யார் சொன்னாலும், பிரவுசர் அதை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்காமல் நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை. வேலை போகாமல் தப்பியது உண்மைதான். ஆனால் போ என்று ஊரறியச் சொன்னவர், வா என்பதை என் காதோடு மட்டும் சொன்னாரே, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.